பல்ஸ் வரியில் ஏழு எண்கள்: சதுர அலைக்குச் சாய்வு வந்த கதை

மூல ஸ்பைஸில் ‘சதுர அலை’ என்று ஒரு சொல் கிடையாது. சைன் அலைக்குச் சொல் உண்டு. அடுக்குக்குறி வளைவுக்கு உண்டு. நேர்கோட்டுத் துண்டுகளை நாமே அடுக்கி ஒரு அலை செய்துகொள்ளவும் வழி உண்டு. எஃப்எம் சிக்னலுக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வருகிற பிள்ளை முதலில் சந்திக்கிற சதுர அலைக்கு மட்டும் இல்லை. அது வேணும்னா ‘பல்ஸ்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஏழு எண்கள் கொடுக்கணும்.

ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் இலவசமாகத் தருகிற இ-சிம் மென்பொருளில் இதே ஏழும் ஏழு பெட்டிகளாக வந்து நிற்கும். ஆரம்ப மதிப்பு, துடிப்பின் மதிப்பு, தாமதம், ஏறுநேரம், இறங்குநேரம், துடிப்பின் அகலம், சுற்றுக்காலம். முதல் இரண்டும் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட்டுக்கு என்பது. தாமதம் என்றால் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் காத்திருக்கணும். அகலமும் சுற்றுக்காலமும் புரிந்துவிடும். நடுவில் இருக்கிற ஏறுநேரம், இறங்குநேரம் இரண்டையும்தான் எல்லாரும் பூஜ்யம் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். சதுர அலை என்றால் செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்குவதுதானே, அதற்கு நேரம் எதற்கு?

நாகர்கோவில் பக்கம் இரண்டாமாண்டு படிக்கிற ஒரு பிள்ளை எனக்கு அனுப்பிய கேள்வி இதிலிருந்து வந்ததுதான். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். லேபில் எல்லாரும் செய்கிற டிஃபரன்ஷியேட்டர். 5 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் 5 வோல்ட் உயரத்துக்கு ஒரு ஊசி வரணும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. திரையில் வந்தது 1 வோல்ட் உயரத்தில் ஒரு மேடு. சர்க்யூட் சரி, மதிப்புகள் சரி. பல்ஸ் பெட்டிகளில் 0, 5, 0, 0, 0, 0.5 மில்லிசெகண்ட், 1 மில்லிசெகண்ட். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஓடவிடும் நேரத்துக்கான வரியில் 50 மைக்ரோசெகண்ட் படி, மொத்தம் 5 மில்லிசெகண்ட் என்று இருந்தது. அந்த 50-ஐ மட்டும் 1 என்று மாற்றி ஓடவிடச் சொன்னேன். மேடு 4.76 வோல்ட்டாக உயர்ந்துவிட்டது.

சர்க்யூட்டைத் தொடவில்லை. உள்ளே போகிற சிக்னலின் பெட்டிகளையும் தொடவில்லை. விடை மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்கு மாறுகிறது என்றால் எங்கோ ஒரு கண்ணுக்குத் தெரியாத கயிறு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், 1970களின் ஒரு லைன் பிரிண்டரில் போய் முடிகிறது.

அதற்கு முன்னால் சதுர அலையைப் பற்றிக் கொஞ்சம். முதல் உலகப்போர் நேரத்தில் பிரெஞ்சு ராணுவத்துக்காக வேலை பார்த்த ஆன்ரி ஆப்ரகாம், யூஜென் பிளாக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், இரண்டு வால்வுகளை ஒன்றுக்கொன்று கோர்த்து, ஒன்று திறந்தால் மற்றது மூடுகிற மாதிரி ஒரு சர்க்யூட் செய்தார்கள். 1919-ல் வெளியிட்டார்கள். பெயர் மல்டிவைப்ரேட்டர். பேருக்குக் காரணம், அதிலிருந்து வருகிற அலையில் அடிப்படை அதிர்வெண் மட்டுமல்ல, அதன் மடங்குகளும் ஏராளமாகக் கலந்திருக்கும். பல அதிர்வுகளைத் தருவதால் ‘மல்டி’. அவர்களுக்குத் தேவைப்பட்டதே அந்த மடங்குகள்தான். தெரிந்த ஒரு அதிர்வெண்ணை வைத்துத் தெரியாத வானொலி அதிர்வெண்களை அளக்க. அலை சதுரமாக இருந்தது அதன் பக்கவிளைவு. இந்த இரண்டு பேரும் யூதர்கள். இரண்டாம் உலகப்போரில் இருவருமே ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகங்களில் மல்டிவைப்ரேட்டர் ஒரு அத்தியாயமாக இருக்கும், இவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது.

மடங்குகள் கலந்திருப்பதென்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, காதால் கேட்டிருப்போம். 2008-லிருந்து சில வருஷம் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோமே, அதில் விலை குறைந்தது ‘ஸ்கொயர் வேவ்’ வகை. கரண்ட் போனதும் ஃபேன் ஒரு மாதிரி ‘ம்ம்ம்’ என்று முனக ஆரம்பிக்கும். 50 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது மடங்கு அடிப்படை அலையில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். ஆனால் முடியாது. உண்மையிலேயே செங்குத்தாக ஏறுகிற அலை என்றால் அந்த வரிசை முடிவே இல்லாமல் போகணும். எந்த டிரான்சிஸ்டராலும், எந்தக் கம்பியாலும் அப்படி ஒன்றைத் தர முடியாது. ஆக, உலகத்தில் இருக்கிற எல்லாச் சதுர அலைக்கும் ஒரு சாய்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அவ்வளவுதான்.

லேபில் இந்தச் சாய்வு நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. ஃபங்ஷன் ஜெனரேட்டருக்குள் இருக்கிற சர்க்யூட் தன்னால் முடிந்த வேகத்தில் ஏறிவிடும். நாம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். சிமுலேட்டரிடம் அந்த வசதி இல்லை. அதற்கு ஒவ்வொன்றையும் சொல்லணும்.

இப்போது கலிஃபோர்னியாவுக்குப் போவோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1969-70 வாக்கில் ரொனால்ட் ரோரர் என்ற ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், இந்த முறை பாடம் எடுக்கப் போவதில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரு சர்க்யூட் சிமுலேட்டர் எழுதப்போகிறீர்கள் என்றார். பாஸா ஃபெயிலா என்பதை டொனால்ட் பெடர்சன் தீர்மானிப்பார். பெடர்சனுக்குப் பிடித்தால் எல்லாரும் பாஸ். பிடித்துவிட்டது. அந்த வகுப்பில் இருந்தவர் லாரன்ஸ் நாகல். வகுப்பு வேலையிலிருந்து வளர்ந்த நிரலுக்கு ‘கேன்சர்’ என்று பேர் வைத்தார்கள். ‘நேர்கோட்டில் அடங்காத சர்க்யூட்டுகளின் கணினிப் பகுப்பாய்வு, கதிர்வீச்சு நீங்கலாக’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

அந்தக் ‘கதிர்வீச்சு நீங்கலாக’ ஒரு குத்தல். அன்றைக்கு அமெரிக்காவில் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் பாதுகாப்புத்துறைப் பணத்தில் எழுதப்பட்டவை. அணுகுண்டு வெடித்தால் சர்க்யூட் தாங்குமா என்று கணக்குப் போடுவது அவற்றில் கட்டாயம். எங்களுக்கு அது வேண்டாம் என்று பேரிலேயே சொல்லிவிட்டார்கள். மணவாளக்குறிச்சி மோனசைட் மணலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, கதிர்வீச்சை நீங்கலாக வைக்கிறோம் என்று ஒரு மென்பொருள் சொல்வது கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. நம்ம கடற்கரையில் அதை நீக்கிவிட்டு எதையும் அளக்க முடியாது.

இவர்களுக்கு சிமுலேட்டர் ஏன் அவ்வளவு அவசியமாகப் பட்டது? ஐசி வந்துவிட்டது. தனித்தனி டிரான்சிஸ்டராக இருந்தால் பலகையில் கோர்த்துப் பார்த்துவிடலாம். ஒரே சிலிக்கான் துண்டுக்குள் இருப்பதை வெளியே பலகையில் கோர்த்தால், அதே மாதிரி நடக்காது. கம்பிகளின் கெப்பாசிட்டன்ஸ் வேறு, டிரான்சிஸ்டர்களின் பொருத்தம் வேறு. செய்து பார்த்துத் திருத்தலாம் என்றால் ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் அன்றைக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. நம்ம பாலிடெக்னிக் பிள்ளைகள் இன்றும் சதுர அலை வேண்டும்போது முதலில் கையில் எடுக்கிற 555 டைமர் ஐசியை ஹான்ஸ் கமன்சிண்ட் 1971-ல் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தது ஸ்பைஸ் இல்லாமல்தான். 1972-ல் அது சந்தைக்கு வந்தது. ஸ்பைஸ் அடுத்த வருஷம்தான் வருகிறது.

ரோரர் பெர்க்லியை விட்டுப் போனதும் நாகல் பெடர்சனிடம் வந்து சேர்ந்தார். இங்கே பெடர்சன் போட்ட ஒரு நிபந்தனைதான் என்னைப் பொறுத்தவரை இந்த மொத்தக் கதையின் முக்கியமான இடம். கேன்சர் உரிமைக் கட்டுப்பாடு உள்ள நிரல். அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது, கட்டுப்பாடுகள் ஒழியும் அளவுக்கு மாற்றி எழுது, எழுதியதை யாருக்கும் கொடுப்போம் என்றார். மாற்றி எழுதியதுதான் ஸ்பைஸ். 1973 ஏப்ரல் 12-ம் தேதி கனடாவில் வாட்டர்லூ நகரில் நடந்த ஒரு மாநாட்டில் பெடர்சன் அதை வெளியுலகுக்குச் சொன்னார். 1975-ல் நாகலின் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்பைஸ் 2 வந்தது.

இரண்டுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய ஒரு மாற்றம் நடந்தது. முதல் ஸ்பைஸ் நேரத்தைச் சமமான படிகளாக வெட்டிக்கொண்டு நடந்தது. ஸ்பைஸ் 2 தன் நடையைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒன்றும் நடக்காத இடத்தில் எட்டிப் போடும், வேகமாக மாறுகிற இடத்தில் பொடிநடையாகப் போகும். இப்படி நடக்கிற ஒருவனுக்கு முன்னால் திடீரென்று ஒரு செங்குத்துச் சுவர் வந்தால்? கெப்பாசிட்டர் வழியாகப் போகிற கரண்ட் என்பது கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்டேஜ் மாறும் வேகம். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரில் 5 வோல்ட் ஒரு மைக்ரோசெகண்டில் ஏறினால் 5 மில்லி ஆம்பியர். ஒரு நானோசெகண்டில் ஏறினால் 5 ஆம்பியர். பூஜ்யம் நேரத்தில் ஏறினால் முடிவிலி. கணினி பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்றுவிடும். அதனால் பூஜ்யத்தை அனுமதிக்க முடியாது. பயனர் பூஜ்யம் கொடுத்தாலோ, பெட்டியை வெறுமனே விட்டாலோ வேறு ஏதாவது ஒரு எண் போட்டுக்கொள்ளணும்.

எந்த எண்ணைப் போடுவது? சர்க்யூட்டின் அளவுக்குத் தக்க, பயனரே கொடுத்த ஒரு சின்ன நேர அளவு அந்த நிரலிடம் ஏற்கெனவே இருந்தது. ‘டிரான்’ வரியில் முதலில் எழுதுகிற படி.

அந்தப் படி எதற்காக வந்தது என்பது பழைய ஸ்பைஸ் கையேட்டிலேயே இருக்கிறது. லைன் பிரிண்டரில் அச்சடிக்க வேண்டிய இடைவெளி அது. அன்றைக்குத் திரை கிடையாது. பெர்க்லியில் இருந்த சிடிசி 6400 கணினிக்குத் துளை அட்டைக் கட்டாகச் சர்க்யூட்டைக் கொடுப்பார்கள். விடை மடிப்புக் காகிதத்தில் வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், அந்த நேரத்தின் வோல்டேஜ், அதற்கு நேராகத் தள்ளி ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரங்களைக் கண்ணால் கோர்த்தால் அலை. எத்தனை மைக்ரோசெகண்டுக்கு ஒரு வரி அடிக்கணும் என்பதைச் சொல்வதுதான் அந்த எண். காகிதம் எவ்வளவு செலவாகும் என்பதைத் தீர்மானிக்கிற எண் என்றும் சொல்லலாம்.

பல்ஸின் ஏறுநேரத்தைச் சொல்லாவிட்டால் இந்த அச்சுப் படியையே ஏறுநேரமாக வைத்துக்கொள் என்று விதி எழுதினார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அலை எப்படி ஏறினால் என்ன, காகிதத்தில் தெரியப்போவதில்லை. லைன் பிரிண்டர் காணாமல் போய் நாற்பது வருஷம் ஆகிறது. விதி மட்டும் நிற்கிறது. 1989-ல் தாமஸ் குவார்ல்ஸ் மொத்தத்தையும் ஃபோர்ட்ரானிலிருந்து சி மொழிக்கு மாற்றி ஸ்பைஸ் 3 ஆக்கியபோதும் கூடவே வந்தது. அதிலிருந்து கிளைத்த என்ஜிஸ்பைஸிலும் இருக்கிறது. இ-சிம் உள்ளே ஓடுவது என்ஜிஸ்பைஸ்தான்.

நாகர்கோவில் பிள்ளையின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். பூஜ்யம் என்று போட்ட ஏறுநேரம் உண்மையில் 50 மைக்ரோசெகண்ட். 5 வோல்ட்டை 50 மைக்ரோசெகண்டில் ஏறினால் மைக்ரோசெகண்டுக்கு 0.1 வோல்ட். 10 கிலோ ஓமும் 1 நானோஃபாரடும் பெருக்கினால் 10 மைக்ரோசெகண்ட். இரண்டையும் பெருக்கினால் 1 வோல்ட். சிமுலேட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்ட கேள்விதான் வேறு. இன்னொரு சேதாரமும் உண்டு. துடிப்பின் அகலம் என்று நாம் போட்ட 0.5 மில்லிசெகண்டில் சாய்வுகள் சேர்த்தி இல்லை; அது மேல்தளத்தின் நீளம் மட்டும். இரண்டு பக்கமும் 50 மைக்ரோசெகண்ட் சாய்வு சேர்ந்தால், பாதி உயரத்தில் அளக்கும்போது அகலம் 0.55 மில்லிசெகண்ட். 50 சதவீதம் என்று நினைத்த அலை 55 சதவீதம். சராசரி வோல்டேஜ் 2.5 இல்லை, 2.75. இதை ஒரு கன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்குக் கொடுத்திருந்தால் வெளியே வருவதில் பத்து சதவீதம் வித்தியாசம், காரணம் எங்கேயும் எழுதியிருக்காது.

செய்ய வேண்டியது எளிது. ஏறுநேரத்தையும் இறங்குநேரத்தையும் நாமே எழுதணும். உண்மைச் சர்க்யூட்டில் அந்தச் சிக்னலைத் தரப்போகிற ஐசியின் ஏறுநேரம் தெரிந்தால் அதையே போடலாம். தெரியாவிட்டால் சுற்றுக்காலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நல்ல ஆரம்பம். ஆனால் சர்க்யூட்டின் ஆர்சி நேரத்தைவிட அது நன்றாகக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளணும். ஏறுநேரமும் இறங்குநேரமும் சமமாக இருந்தால், அகலப் பெட்டியில் சுற்றுக்காலத்தில் பாதியைப் போட்டு அதிலிருந்து ஏறுநேரத்தைக் கழிக்கணும். 1 மில்லிசெகண்ட் சுற்று, 1 மைக்ரோசெகண்ட் சாய்வு என்றால் அகலம் 0.499 மில்லிசெகண்ட். ஒன்று சொல்லிவிடுகிறேன், பூஜ்யத்தைக் கண்டால் என்ன செய்வது என்பதில் ஸ்பைஸின் வாரிசுகள் எல்லாம் ஒன்றுபோல நடப்பதில்லை. அதனால்தான் பூஜ்யமே போடாமல் இருப்பது உத்தமம்.

இதே ஏழு பெட்டிகளுக்குள் வேறு அலைகளும் ஒளிந்திருக்கின்றன. சுற்றுக்காலத்தையும் அகலத்தையும் விட்டுவிட்டால் இரண்டுமே மொத்த ஓட்ட நேரம் என்று ஆகிவிடும். ஒருமுறை ஏறி அப்படியே நிற்கும். அது படி அலை. அகலத்தை மிகச் சின்னதாக வைத்து, ஏற்றத்துக்குப் பாதி, இறக்கத்துக்குப் பாதி கொடுத்தால் முக்கோண அலை. ஏற்றத்துக்கே ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்தால் ரம்பப்பல். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாலு வேலை வாங்கியிருக்கிறார்கள். சதுர அலைக்கென்று தனிச்சொல் ஏன் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

துளை அட்டையின் மிச்சங்கள் இன்னும் சில. கோப்பின் முதல் வரி எப்போதும் தலைப்பு. முதல் அட்டை என்ன வேலை என்று சொல்லும் அட்டை, அதனால். இது தெரியாமல் முதல் வரியிலேயே வோல்டேஜ் சோர்ஸை எழுதினால் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். நீளமான வரியை அடுத்த வரியில் தொடர்ந்தால் முன்னால் கூட்டல் குறி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, எனவே ‘எம்’ என்று எப்படி எழுதினாலும் மில்லி. மெகா வேண்டுமானால் ‘மெக்’ என்று மூன்று எழுத்தும் எழுதணும். கெப்பாசிட்டர் மதிப்பில் 1 போட்டு ஃபாரட் என்று நினைத்து ‘எஃப்’ சேர்த்தால் 1 ஃபெம்டோஃபாரட். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்கிற பிசகு இல்லை இது. பதினைந்து பூஜ்யம்.

நாங்கள் பிஇ படித்த 1990களின் கடைசியில் இந்த நிரலின் பிசி வடிவம் சிடியில் கைமாறி வந்தது. மைக்ரோசிம் கம்பெனி 1984-ல் ஐபிஎம் பிசிக்குக் கொண்டுவந்த பிஸ்பைஸ். மாணவர்களுக்கு அவர்கள் சும்மா கொடுத்த பதிப்பில் 10 டிரான்சிஸ்டர் வரைதான் போடலாம். அதற்குள்ளேயே ஒரு தலைமுறை இந்தியப் பிள்ளைகள் சிமுலேஷன் கற்றுக்கொண்டார்கள். 1998-ல் மைக்ரோசிம்மை ஆர்கேட் வாங்கியது, 1999-ல் ஆர்கேடை கேடன்ஸ் வாங்கியது. இன்னொரு பக்கம் பெர்க்லியிலிருந்து வெளியே விட்ட மூலநிரல் யாரும் வாங்க முடியாதபடி அப்படியே கிடந்தது. அதன் மேல்தான் என்ஜிஸ்பைஸ், அதன் மேல்தான் இ-சிம். ஐஐடி பம்பாயிலேயே எம். பி. பாட்டீல் ஸ்பைஸை அடிப்படையாகக் கொள்ளாமல் சீக்வெல் என்று ஒரு சிமுலேட்டரும் எழுதியிருக்கிறார். அது தனியாக எழுத வேண்டிய கதை. ஸ்பைஸை 2011-ல் ஐஇஇஇ தன் மைல்கற்களில் ஒன்றாக அறிவித்தது. டிரான்சிஸ்டர் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத ஒரு சிமுலேட்டர் இன்றைக்குக் கோணத்தில் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் பைசா செலவில்லாமல் ஓடுகிறதென்றால், அது பெடர்சன் போட்ட அந்த நிபந்தனையிலிருந்து நேராக வருவது.

இ-சிம் தளத்தில் மாணவர்கள் செய்து முடித்த சர்க்யூட்டுகள் கோப்புகளோடு கிடைக்கின்றன. ஒன்றைத் தரவிறக்கிச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பாருங்கள். பல்ஸ் என்று தொடங்கும் இடத்தைத் தேடி நாலாவது, ஐந்தாவது எண்களைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் கீழே இறங்கி டிரான் வரியில் முதல் எண்ணைப் படியுங்கள். அந்தச் சர்க்யூட்டுக்குள் போன அலையின் உண்மையான சாய்வு அங்கேதான் எழுதியிருக்கும்.